வானில் நான்கு மணி, தரையிலும் நான்கு மணி

புது தில்லி: திருப்பதிக்கும் சிங்கப்பூருக்கும் இடையே வான்வழித் தொலைவு சுமார் 3,000 கிலோ மீட்டர். ஜெட் விமானத்துக்கு நான்கு மணி நேரத்துக்குச் சற்று அதிகமான பயணம். சந்திரகிரியிலிருந்து சென்னை விமான நிலையத்துக்குச் சாலை வழியே ஏறத்தாழ 150 கிலோ மீட்டர். நெரிசலையும் சேர்த்தால் இதற்கும் நான்கு மணி நேரம் ஒதுக்கித்தான் ஆக வேண்டும். விமானம் புறப்படுவதற்கு மூன்று மணி நேரம் முன்பாக நிலையத்தில் இருக்க வேண்டும் என்பது தனி.

ரேணிகுண்டாவில் உள்ள திருப்பதி விமான நிலையத்தின் புதிய முனையத்தை 2015 அக்டோபர் 22-ல் பிரதமர் நரேந்திர மோடி திறந்து வைத்தார். சர்வதேச விமான நிலையம் என்ற தகுதியும் கிடைத்தது. ஆனால், நிலைத்த வெளிநாட்டுச் சேவை எதுவும் இங்கு அமையவில்லை. பெயரை மாற்ற ஓர் அறிவிக்கை போதும். விமானம் வர அது போதாது.

எந்த நாட்டு விமானம் எந்த ஊரில் இறங்கலாம், வாரத்துக்கு எத்தனை இருக்கைகள் என்பதை இரு நாடுகளுக்கு இடையிலான வான்சேவை ஒப்பந்தங்களே தீர்மானிக்கின்றன. தென்கிழக்கு ஆசிய நாடுகளின் விமானங்களுக்கு இந்தியா தாராளமாகத் திறந்துவிட்ட 18 சுற்றுலா ஊர்களில் திருச்சி இடம்பெற்றது, திருப்பதி இடம்பெறவில்லை. திருச்சியிலிருந்து சிங்கப்பூர், கோலாலம்பூர், கொழும்பு எனப் பல ஊர்களுக்கு விமானங்கள் பறப்பதற்கு அயலகத் தமிழர்களின் போக்குவரத்து மட்டுமே காரணமல்ல, இந்த அனுமதியும் ஒரு காரணம்.

சென்னை இவ்வளவு அருகில் இருக்கையில் திருப்பதிக்கு எதற்கு என்று விமான நிறுவனங்கள் கேட்கலாம். பக்தர்களில் பெரும்பாலோர் உள்நாட்டவர் என்பதும் உண்மையே. ஆனால், கடப்பை, ராஜம்பேட்டை, ராயச்சோட்டி வட்டாரங்களிலிருந்து குவைத்துக்குக் கூலி வேலைக்கும் வீட்டு வேலைக்கும் செல்வோர் ஏராளம். இவர்களில் பலர் பெண்கள். ஊரிலிருந்து முந்தைய நாளே கிளம்பி, கார் வாடகைக்குக் கடன் வாங்கி, அந்நிய மாநிலத்து விமான நிலைய வாசலில் இரவைக் கழிக்கும் அவர்களுக்கு 150 கிலோ மீட்டர் என்பது வெறும் எண்ணல்ல. சென்னை நகரம் உருவாக ஆங்கிலேயருக்கு 1639-ல் நிலம் கிடைத்தது சந்திரகிரியோடு தொடர்புடைய விஜயநகர வம்சத்தாரின் ஆட்சியில்தான் என்பதை இங்கு நினைவுகூராமல் இருக்க முடியவில்லை!

இந்திய நிறுவனங்கள் வளைகுடா சேவையைத் தொடங்க இருக்கை ஒதுக்கீடு வேண்டும். அதை வழங்குவது தில்லி. தொடக்க கால இழப்பை ஈடுகட்ட மாநில அரசு முன்வரலாம். 2019-ல் குவாஹாட்டியிலிருந்து டாக்காவுக்கும் பாங்காக்குக்கும் அசாம் அரசின் உதவியோடுதான் விமானங்கள் இயக்கப்பட்டன. வாரம் இரண்டு நாள் குவைத்துக்கு ஒரு சிறிய விமானம் என்று தொடங்கினாலே போதும். குடியேற்ற, சுங்க அதிகாரிகளை அந்த இரண்டு நாள்களுக்கு மட்டும் பணியமர்த்துவது மத்திய அரசுக்குப் பெரும் சுமையாகிவிடாது.