கணினிக்கு வயதாகிவிட்டதா?

உங்கள் வீட்டிலோ பள்ளியிலோ ஏழெட்டு ஆண்டுகள் உழைத்த மேசைக் கணினி ஒன்று இருக்கக்கூடும். பொத்தானை அழுத்திவிட்டுப் போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தாலும் அது வேலைக்குத் தயாராகியிருக்காது. "ஏன் இவ்வளவு நேரம்?" என்று கேட்டால், "அதற்கு வயதாகிவிட்டது" என்று பதில் வரும். சில நாட்களில் 'கண்டம்' என்று எழுதி அதை ஒரு மூலையில் போட்டுவிடுவார்கள். இந்தப் பதிலை நீங்கள் அப்படியே ஏற்றுக்கொள்ளக் கூடாது என்பது என் கருத்து. ஏன் என்று பார்ப்போம்.

மாட்டுவண்டியின் அச்சு தேய்கிறது. மிதிவண்டியின் சங்கிலி தளர்கிறது. ஆகவே அவை பழையனவாகும்போது வேகம் குறைவது இயல்பே. கணினியின் மையச் செயலகம் அத்தகையதன்று. அதற்குத் தாளம் போட்டுக் கொடுப்பது ஒரு குவார்ட்ஸ் படிகம். பத்து ஆண்டுகள் சென்றாலும் அதன் அதிர்வெண் பத்து லட்சத்தில் சில பத்துப் பங்குகளுக்கு மேல் மாறுவதில்லை. வாங்கிய அன்று ஒரு நொடியில் எத்தனை கூட்டல்கள் செய்ததோ, ஏறக்குறைய அத்தனையை இன்றும் அதனால் செய்ய முடியும். அப்படியானால் மாறியது எது? அதன் மேல் ஏற்றிய சுமை கூடியிருக்கலாம். ஏதேனும் ஓர் உறுப்பு பழுதாகியிருக்கலாம். வெப்பம் வெளியேற வழியில்லாமல் இருக்கலாம். 'வயது' என்னும் ஒரு சொல் இம்மூன்றையும் மூடி மறைத்துவிடுகிறது.

முதல் வேலை அளப்பது. தொடக்க நேரத்தை மூன்று கட்டங்களாகப் பிரித்துக்கொள்ளுங்கள். பொத்தானை அழுத்தியது முதல் திரையில் புள்ளிகள் சுழலத் தொடங்கும் வரை முதற்கட்டம். அங்கிருந்து கடவுச்சொல் கேட்கும் வரை இரண்டாம் கட்டம். கடவுச்சொல் கொடுத்த பின் ஏதாவது ஒரு நிரல் திறந்து வேலை செய்யும் வரை மூன்றாம் கட்டம். ஒவ்வொன்றையும் மூன்று முறை அளந்து சராசரி காணுங்கள். ஓர் எச்சரிக்கை: விண்டோஸ் 8 முதல், 'ஷட் டவுன்' செய்யும்போது அமைப்பின் ஒரு பகுதி வட்டில் எழுதி வைக்கப்பட்டு, மறுமுறை அதுவே எடுத்துக்கொள்ளப்படுகிறது. 'ரீஸ்டார்ட்' செய்யும்போது எல்லாம் புதிதாகத் தொடங்கும். இரண்டையும் கலந்து சராசரி எடுத்தால் கணக்குப் பிசகும்.

நேரம் முதற்கட்டத்தில் வீணாகிறதா? யாரோ செருகி மறந்துவிட்ட பென் டிரைவிலோ வலையமைப்பிலோ இயக்க அமைப்பைத் தேடிக்கொண்டு கணினி காத்திருக்கலாம். தேதி தானாகப் பழைய ஆண்டுக்குப் போய்விடுகிறதென்றால், தாய்ப்பலகையில் உள்ள 3 வோல்ட் பொத்தான் மின்கலம் தீர்ந்திருக்கிறது என்று பொருள். அதன் விலை மிகக் குறைவு.

இரண்டாம் கட்டம் நீண்டால் வன்தட்டைச் சந்தேகியுங்கள். இங்கே ஒரு சிறு கணக்கு. தட்டு நிமிடத்திற்கு 7,200 முறை சுழல்கிறது. அதாவது நொடிக்கு 120 முறை. ஒரு சுற்றுக்கு 8.3 மில்லி நொடி. வேண்டிய செய்தி படிக்கும் முனைக்குக் கீழே வந்து சேரச் சராசரியாக அரைச் சுற்று, அதாவது 4 மில்லி நொடிக்குச் சற்று மேல் ஆகும். முனையைத் தாங்கும் கை உரிய தடத்திற்கு நகர ஏறக்குறைய 9 மில்லி நொடி. ஆக, ஒரு துண்டைத் தேடி எடுக்க 13 மில்லி நொடி. தொடக்கத்தில் அங்கங்கே சிதறிக் கிடக்கும் 4,000 துண்டுகளைப் படிக்க வேண்டுமென்று வைத்துக்கொண்டால், தேடுவதற்கு மட்டுமே 52 நொடி போய்விடும்! சுழலும் பாகமே இல்லாத எஸ்.எஸ்.டி. சேமிப்பகத்தில் ஒரு துண்டுக்கு ஏறத்தாழ 0.1 மில்லி நொடிதான், மொத்தம் 0.4 நொடி. மற்ற வேலைகள் இருப்பதால் கணினி அரை நொடியில் தொடங்கிவிடாது. எனினும் பெரிய தடை ஒன்று நீங்கிவிடும். தட்டு 'டக், டக்' என்று ஒலித்தால் அது பழுதாகி வருகிறது என்று கொள்ளலாம். வேறு எதையும் செய்யுமுன் உங்கள் கோப்புகளைப் படியெடுத்து வையுங்கள்.

மூன்றாம் கட்டத்தில் தாமதமானால், தாமாகத் தொடங்கும் நிரல்களைப் பாருங்கள். விண்டோஸில் 'டாஸ்க் மேனேஜர்' அவற்றின் பட்டியலைத் தரும். வேண்டாதவற்றை நிறுத்தலாம்; பெயர் புரியாததைத் தொட வேண்டாம். ரேம் நினைவகம் போதாவிட்டால் கணினி வட்டையே தற்காலிக நினைவகமாகப் பயன்படுத்தும். அந்த 13 மில்லி நொடிக் கதை மீண்டும் தொடங்கிவிடும். வெப்பம் ஏறினால் செயலகம் தன்னைக் காத்துக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அதற்கு மருந்து தூசு தட்டுவதே. பெட்டியைத் திறப்பதானால் மின்கம்பியைப் பிடுங்கிவிட்டு, பெரியவர் ஒருவரை உடன் வைத்துக்கொண்டு திறவுங்கள். மின்வழங்கிப் பெட்டியை மட்டும் திறக்கவே கூடாது. அதன் மின்தேக்கிகளில் மின்னூட்டம் தங்கியிருக்கும்.

ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம் செய்யுங்கள். மறுபடி அளந்து குறித்துக்கொள்ளுங்கள். தனி ஊசலில் நீளத்தை மாற்றும்போது குண்டை மாற்றுவதில்லை அல்லவா? அதே முறைதான் இதற்கும். நான்கு மாற்றங்களை ஒன்றாகச் செய்தால் கணினி சரியாகிவிடலாம். ஆனால் எதனால் சரியாயிற்று என்பது உங்களுக்குத் தெரியாமலே போய்விடும்.

"இவ்வளவு பாடு எதற்கு? புதிதாக வாங்கிவிடலாமே" என்று சிலர் கேட்பர். 2022-இல் உலகம் முழுவதும் சேர்ந்த மின்னணுக் கழிவு ஏறத்தாழ 6.2 கோடி டன் என்று ஐ.நா. சார்ந்த அமைப்புகளின் அறிக்கை கூறுகிறது. அதில் முறைப்படி சேகரித்து மறுசுழற்சி செய்யப்பட்டதாகப் பதிவானது நான்கில் ஒரு பங்குகூட இல்லை. மிச்சத்தில் ஈயம் முதலிய நச்சுப் பொருள்களும் அடங்கும். மேலும், ஒரு பள்ளியில் பத்துக் கணினிகளைக் கழித்துவிட்டால், புதியவை வரும் வரை எத்தனை மாணவர்கள் கைகட்டி நிற்க வேண்டும்!

எல்லாப் பழைய கணினிகளையும் காப்பாற்றிவிடலாம் என்று நான் சொல்லவில்லை. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2025 அக்டோபர் 14-இல் நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11-இன் நிபந்தனைகள் பல பழைய கணினிகளுக்குப் பொருந்துவதில்லை. பாதுகாப்புத் திருத்தங்கள் வராத கணினியை இணையத்தில் இணைப்பது தவறு. ஆனால் லினக்ஸின் எளிய வடிவங்கள் அவற்றில் பலவற்றில் நன்றாக இயங்கும். கேரள அரசுப் பள்ளிகள் பல ஆண்டுகளாக லினக்ஸையே பயன்படுத்தி வருகின்றன. தாய்ப்பலகையே பழுதானால் கழிக்கத்தான் வேண்டும். அப்போதும் முறையான மறுசுழற்சிக்குக் கொடுங்கள்.

நான் வேண்டுவது இவ்வளவே: கழிப்பதற்கு முன் ஒரு நாள் அளந்து பார்க்க வேண்டும். அடுத்த வாரம் உங்கள் பள்ளிக் கணினி அறையில் ஆசிரியரின் அனுமதியுடன் ஒரு கடிகாரம், ஒரு தாள், ஒரு பென்சில் எடுத்துக்கொண்டு உட்காருங்கள். மூன்று கட்டங்களின் நேரத்தையும் அட்டவணையாக எழுதித் தலைமையாசிரியரிடம் கொடுங்கள். எந்தக் கணினிக்கு மின்கலம் வேண்டும், எதற்கு எஸ்.எஸ்.டி. வேண்டும், எது உண்மையிலேயே முடிந்துபோனது என்று அவர் அதைப் பார்த்து முடிவு செய்யட்டும்.