ஏரோது ராஜாவும் எங்கூர் நவாபும்

ஏரோதுன்னா குழந்தைகளைக் கொல்லச் சொன்ன பைபிள் ராஜான்னுதான் நமக்குத் தெரியும். அவருக்கு கிமு 40-ல் 'யூதேயாவின் அரசர்' பட்டம் கொடுத்தது ரோம் செனட். அப்போ ஜெருசலேம் அவர் கையிலேயே இல்லை! மூணு வருஷம் கழிச்சு ரோமப் படைதான் பிடிச்சுக் கொடுத்தது. கிமு 4-ல் அவர் செத்ததும் ராஜ்யத்தைப் பிள்ளைகளுக்குப் பிரிச்சாங்க. கிபி 6-ல் அங்க ஆண்ட மகனை நாடு கடத்திட்டு யூதேயாவை ரோம் நேரடியாவே எடுத்துக்கிச்சு.

இந்தக் கதை புத்தூர்க்காரனுக்குப் புதுசு இல்லை மக்களே. நம்ம மலைக்கோட்டையிலேயே நடந்திருக்கு.

1749-ல் ஆம்பூர்ப் போரில் அப்பா அன்வருதீன் கொல்லப்பட, முகமது அலி ஓடிவந்து தஞ்சம் புகுந்தது திருச்சிக் கோட்டையில். 1751-ல் சந்தா சாகிப் பிரெஞ்சுப் படையோட வந்து முற்றுகை போட்டார். கிளைவ் ஆற்காட்டைப் பிடிச்சு கவனத்தைத் திருப்பினார். 1752-ல் ஸ்ரீரங்கத்தில் பிரெஞ்சுப் படை சரண்டர், சந்தா சாகிப் தலையும் போச்சு. நடுவுல, உதவிக்கு வந்தா திருச்சியையே தர்றேன்னு மைசூருக்கு வாக்கு வேற. ஜெயிச்சதும் கைவிரிச்சுட்டார். ஊர்க்காரனை யாரு கேட்டா?

இவரை 'துரோகி', 'கைப்பொம்மை'ன்னு திட்டுறது சுலபம். என் கருத்து வேற. அவர் செஞ்ச தப்பு, படையை வாடகைக்கு எடுத்தது. கம்பெனி சண்டை போட்டுச்சு, பில் நவாபுக்கு வந்துச்சு. கட்ட முடியலை. கம்பெனி உத்தியோகஸ்தர்கள் கிட்டயே தனியா வட்டிக்கு வாங்கினார். ஈடா எழுதிக் கொடுத்தது நிலவரி வசூலை. அதாவது கடன் நவாபுக்கு, கட்டினது விவசாயி. இந்தக் கடன் விவகாரம் நாறி, 1785-ல் லண்டன் பார்லிமெண்டில் எட்மண்ட் பர்க் பேசுற அளவுக்குப் போச்சு.

1795-ல் முகமது அலி காலமானார். 1801-ல் அவர் மகனும் போனதும், திப்புவோட ரகசியக் கடிதத் தொடர்புன்னு கம்பெனி பழைய குற்றச்சாட்டைக் கிளப்புச்சு. ஆட்சியை விட்டுத்தர மறுத்த பேரனை ஒதுக்கிட்டு, கையெழுத்துப் போட்ட இன்னொரு பேரனுக்குப் பட்டம். வருமானத்தில் ஐந்தில் ஒரு பங்கு மட்டும் அவருக்கு. 1855-ல் நவாப் பட்டமும் ரத்து. 1867-ல் 'ஆற்காட்டு இளவரசர்'னு ஒரு பேரைக் கொடுத்து சமாதானப்படுத்தினாங்க.

'புதுக்கோட்டை தொண்டைமானும் வெள்ளைக்காரன் பக்கம்தானே, அவங்க சமஸ்தானம் 1948 வரைக்கும் இருந்துச்சே?'ன்னு கேப்பீங்க. நியாயமான கேள்வி. தொண்டைமான் திருச்சி முற்றுகைக்குத் தன் ஆளுங்களையும் சாப்பாட்டுச் சாமானையும் அனுப்பினவர். உதவி வாங்கினவருக்கும் கொடுத்தவருக்கும் உள்ள வித்தியாசம் அது. சின்ன சமஸ்தானம்ங்கிறதும் ஒரு காரணம்தான்.

பெரிய நாடு சின்ன நாட்டுக்கு 'உதவி' செய்யுதுன்னு இன்னைக்கு செய்தி வந்தாலும் நான் தேடுறது ஒண்ணைத்தான். அடமானம் எது, கட்டப்போறவன் யாரு?

டிஸ்கி: நவாபுக்கு வக்காலத்து வாங்குற பதிவு இல்லை இது. மாற்றுக்கருத்து இருந்தா பின்னூட்டத்துல வந்து கும்முங்க :)