இழந்தவர் அருகில் இருப்போம்



ஆண்டுதோறும் ஆகஸ்டு 29 ஆம் நாள் நம் சிவாஜிநகர்ப் புனித மரியன்னை பேராலயத்தில் கொடியேறும். செப்டம்பர் 8 ஆம் நாள் ஆரோக்கிய அன்னையின் திருவிழா நடைபெறும். காவியுடுத்தி வரும் அப்பெருங்கூட்டத்தில் மெழுகுவர்த்தி ஏற்றும் கைகளைக் கவனித்திருப்பீர்கள். கணவனைப் பறிகொடுத்தவள் கையும் அங்குண்டு. கணவனைப் பிரிந்து வாழ்பவள் கையும் அங்குண்டு. முன்னவளின் கண்ணீரை ஊரறியும். பின்னவளின் கண்ணீரை அவளது முந்தானை மட்டுமே அறியும்.

சாவு விழுந்த வீட்டில் நாம் செய்வன யாவை? அடுப்பு எரியாத வீட்டுக்கு உணவு கொண்டு செல்கிறோம். பாயில் அமர்ந்து செபமாலை சொல்கிறோம். முப்பதாம் நாள் பூசைக்கும், ஆண்டு நினைவுக்கும், நவம்பர் 2 ஆம் நாள் கல்லறைக்கும் உடன் செல்கிறோம். துக்கம் ஆறுவதற்கு நம் முன்னோர் வகுத்த மருந்து இது. ஆனால் மணமுறிவு நேர்ந்த வீட்டுக்கு யார் செல்கிறார்கள்? அதற்கு மூன்றாம் நாளும் இல்லை, முப்பதாம் நாளும் இல்லை. எஞ்சுவது அக்கம்பக்கத்தாரின் மௌனமும், முதுகுக்குப் பின்னே எழும் பேச்சுமே. பிழைப்பை நாடிப் பெங்களூருக்கு வந்த நம் குடும்பங்களில் இத்துன்பம் இருமடங்கு. தாயும் தாய்மாமனும் வேலூரிலோ சேலத்திலோ இருக்க, இங்கே அயலாரைத் தவிர உறவேது?

இம்மௌனத்தைத் திருச்சபை கட்டளையிட்டதாகப் பலர் எண்ணுகின்றனர். அது பிழை. முறையாக நிறைவேறிய திருமண பந்தத்தை மனிதர் முறிக்கவியலாது என்பது கத்தோலிக்கப் போதனைதான். ஆயினும், நீதிமன்றத்தில் மணமுறிவு பெற்று மறுமணம் செய்யாதிருப்பவர், அக்காரணத்தால் நற்கருணைக்கு அயலாராவதில்லை. இத்தகையோருக்கு ஆதரவு முன்னைவிட மிகுதியாகத் தேவை என்று 1981 இல் பாப்பரசர் இரண்டாம் யோவான் சின்னப்பர் எழுதினார். 2016 இல் வெளியான ‘அன்பின் மகிழ்வு’ என்னும் மடலில் பாப்பரசர் பிரான்சிஸ், இவர்கள் நற்கருணையில் வலிமை தேடுமாறு ஊக்குவிக்க வேண்டுமென்றார். மறுமணம் புரிந்தோரும் சபையினின்று விலக்கப்பட்டோர் அல்லர் என்றும் அதே மடல் கூறுகிறது. அவர்கள் தம் பங்குக் குருவிடம் மனந்திறந்து பேசுதல் நலம்.

சட்டத்தைப் பற்றியும் சிறிது அறிதல் வேண்டும். இந்தியக் கிறிஸ்தவர்களுக்குரிய மணமுறிவுச் சட்டம் 1869 இல் இயற்றப்பட்டது. அதன்படி மனைவியின் பிறர்மனைத் தொடர்பு ஒன்றே கணவனுக்குப் போதுமான காரணம். மனைவிக்கோ, கணவனின் அத்தகைய தொடர்போடு கொடுமை, கைவிடல் போன்ற வேறொன்றையும் மெய்ப்பிக்க வேண்டியிருந்தது. 2001 ஆம் ஆண்டுத் திருத்தமே இவ்வேற்றுமையைப் போக்கி, இருவர் இசைவால் பிரிவதற்கும் வழி செய்தது.

திருச்சபை நீதிமன்றத்தின் வழி வேறு. அது திருமணத்தை முறிப்பதில்லை. தொடக்கத்திலேயே அது செல்லத்தக்கதாக இருந்ததா என்று ஆராய்கிறது. முன்னர் இரண்டு நீதிமன்றங்கள் ஒத்த தீர்ப்பு வழங்க வேண்டும். 2015 டிசம்பர் 8 முதல், மேல்முறையீடு இல்லையெனில் ஒரு தீர்ப்பே போதும். அவ்வாறு செல்லாதெனத் தீர்ப்பானாலும் பிள்ளைகள் முறைகேடாகப் பிறந்தவர் ஆகார் என்பது திருச்சபைச் சட்டம். இதனைத் தாய்மார்க்குச் சொல்லித் தேற்றுங்கள். ஆனால் சபைத் தீர்ப்பை மட்டும் நம்பி மறுமணம் செய்யலாகாது. நம் மாநிலத்தைச் சேர்ந்த ஒருவர் தொடுத்த வழக்கில், அத்தீர்ப்பு நாட்டுச் சட்டத்துக்கு மேற்பட்டதாகாது என்று உச்ச நீதிமன்றம் 2017 இல் உறுதிப்படுத்தியது.

தீர்ப்புகள் கையில் கிடைத்த பின்பும் புண் ஆறுவதில்லை. அதற்கு ஒரு வழியை 1974 இல் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் ஒரு கத்தோலிக்கக் கன்னியரும், மணமுறிவு கண்ட ஒரு பெண்மணியும் சேர்ந்து தொடங்கினர். ‘பிகினிங் எக்ஸ்பீரியன்ஸ்’ என்பது அதன் பெயர். கைம்மை அடைந்தோரும், பிரிந்தோரும், மணமுறிவு பெற்றோரும் ஒரு வார இறுதியில் கூடுவர். தத்தம் துயரை எழுதுவர். சிறு குழுக்களில் மனம்விட்டுப் பேசுவர். அவர்களை வழிநடத்துவோர் அதே துன்பத்தைக் கடந்து வந்தவர்களே. சாவால் வந்த இழப்பையும் பிரிவால் வந்த இழப்பையும் ஒரே பாயில் அமர்த்தியதே அம்முறையின் சிறப்பு.

அத்தகைய கூட்டத்துக்குப் பெருஞ்செலவு வேண்டுவதில்லை. பங்கின் மண்டபமும், நம் மொழியில் பொறுமையாகக் கேட்கும் நான்கு பேரும் இருந்தால் நம் பங்குகளிலும் தொடங்கலாம். ஒன்றை மறவாதீர்கள்: உறக்கமும் உணவும் இழந்து, உயிரை வெறுத்துப் பேசுவோருக்குச் செபமும் ஆறுதலும் மட்டும் போதா. நிம்ஹான்ஸ் போன்ற மருத்துவமனை நம் நகரிலேயே இருக்கிறது. காலந்தாழ்த்தாது அழைத்துச் செல்லுங்கள்.

மற்றவை நம் கையில் உள்ளன. “என்ன நடந்தது?” என்று துருவாதீர்கள். “சாப்பிட்டீர்களா?” என்று கேளுங்கள். திருமண அழைப்பிதழில் அவர் பெயரைத் தவிர்க்காமல் எழுதுங்கள். அவர் பிள்ளைகளை உங்கள் பிள்ளைகளோடு மறைக்கல்வி வகுப்புக்கு அழைத்துச் செல்லுங்கள். வரும் ஞாயிறு பூசையில் கடைசி வரிசையில் தனித்திருக்கும் சகோதரியோ சகோதரனோ உங்கள் கண்ணில் பட்டால், எழுந்து சென்று அருகில் அமருங்கள்.