கூடவே வந்தும் நாம் பார்க்காத மலை

ஏலகிரிக்கும் ஏற்காட்டுக்கும் சென்னையிலிருந்து வண்டி கட்டிக்கொண்டு போகிறோம். வேலூர் தாண்டியதும் இடது பக்கம் ஒரு மலைத்தொடர் கூடவே வருகிறது. அது ஜவ்வாதுமலை. 1,000 மீட்டரைத் தாண்டிய முகடுகள், பலாவும் புளியும் நிற்கும் சரிவுகள், ஜமுனாமரத்தூர் பக்கம் பீமன் அருவி. அங்கே போகலாம் என்று நம் வீடுகளில் யாரும் சொன்னதில்லை. போன சிலரும் அருவியில் குளித்து, பிளாஸ்டிக் பாட்டிலைப் பாறையிடுக்கில் செருகிவிட்டு இறங்கிவந்தோம்.

செய்யாறு பிறப்பது அந்த மலையில். அந்தத் தண்ணீரில் நெல் விளைத்துச் சாப்பிடுகிறோம். சந்தனம் அங்கே காடாக நின்றது. நம் பூஜையறைக்கும் சோப்புக்கும் வேண்டியிருந்தவரை அந்த மலையின் பெயர் நமக்கு நன்றாகவே தெரிந்திருந்தது. மரம் தீர்ந்தது, பேச்சும் நின்றது.

காவலூர் வானாய்வகமும் அங்கேதான். 2.3 மீட்டர் தொலைநோக்கி 1986 முதல் இயங்குகிறது. 1988-இல் அங்கே கண்டுபிடித்த சிறுகோளுக்கு ராமானுஜன் பெயரை வைத்தார்கள். அந்த மலை இருட்டாக இருந்ததால்தான் இதெல்லாம் முடிந்தது. அடிவார ஊர்களில் நாம் போடும் விளக்குகள் அந்த இருட்டையும் அரிக்கின்றன.

இவற்றையெல்லாம்விட நெஞ்சை அறுப்பது சாமைதான். அந்த மலையில் வாழும் மலையாளிப் பழங்குடியினர் மானாவாரியில், கல் நிறைந்த சரிவில் விளைவிக்கும் தானியம் அது. கடுகைவிடக் கொஞ்சம் பெரிய மணி. மேலே வழவழப்பான, கெட்டியான உமி. உரலில் போட்டு இடித்து, முறத்தில் புடைத்து, மறுபடி இடிக்க வேண்டும். ஒரு வேளைச் சோற்றுக்கு ஒரு பெண்ணின் பாதிப் பொழுது போய்விடும். உமி நீக்கும் மெஷின் பக்கத்தில் இல்லாத ஊர்க்காரர்கள் விளைந்ததை அப்படியே வியாபாரியிடம் கொடுத்தார்கள். அவர் சொன்னதுதான் விலை. பல வருஷம் அதை ஏழைச் சோறு என்று ஒதுக்கினோம். சர்க்கரை நோய் வந்த பிறகு, தீட்டிய சாமை அரிசியை அழகான பாக்கெட்டில் பல மடங்கு விலைக்கு வாங்குகிறோம். அந்தப் பணத்தில் எவ்வளவு மலையேறுகிறது என்று கடையில் ஒருநாளும் கேட்டதில்லை.

காஞ்சிபுரத்திலிருந்து மலையேறியவர்கள் தாங்கள் என்பது மலையாளிப் பழங்குடியினர் சொல்லிவரும் கதை. அப்படிப் பார்த்தால் நம் உறவுக்காரர்கள்தான். ஆனாலும் சாதிச் சான்றிதழுக்காக அவர்கள் அலுவலகம் அலுவலகமாக அலைந்தபோது உடன் நின்றவர்கள் நம்மில் மிகக் குறைவு.

2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலம் காட்டில், செம்மரம் வெட்ட வந்ததாகச் சொல்லி ஆந்திரப் போலீஸ் சுட்டதில் 20 தமிழகக் கூலித்தொழிலாளர்கள் இறந்தார்கள். ஜவ்வாதுமலைக்காரர்களும் அதில் உண்டு. ஒரு வாரம் கொதித்தோம். மலையில் வேலை இல்லை, விளைச்சலுக்கு விலை இல்லை என்பது அதற்கு முன்பும் நமக்குத் தெரியும். செம்மரம் வெட்ட ஆள் பிடிக்கும் ஏஜென்டு அட்வான்ஸ் பணத்தோடு மலையேறுகிறான். மாமா, மச்சான் என்று வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பேசுகிறான். அவன் நம் ஊர்களிலிருந்து போகிறவன். சாமைக்கு நியாயமான விலையோடு அந்தத் திண்ணைக்கு நம்மில் ஒருவரும் போகவில்லை.