யார் சேர்த்துப் படிப்பது?

இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரை ஒட்டி இயங்கிய விண்டர்போர்ன் வியூ, அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்கான 24 படுக்கை கொண்ட தனியார் மருத்துவமனை. அங்கே தங்கியிருந்த ஒருவருக்கு வாரத்துக்குச் சராசரியாக 3,500 பவுண்டு அரசுப் பணம் செலவானது. 2011 மே 31 அன்று பிபிசியின் பனோரமா நிகழ்ச்சி அந்தக் கட்டடத்துக்குள் நடந்ததைக் காட்டியது. பணியாளர்கள் அங்கிருந்தவர்களை அறைந்தார்கள், தரையில் தள்ளி அழுத்தினார்கள், உடுத்திய துணியோடு தண்ணீரில் நனைத்தார்கள். 11 பேர் தண்டனை பெற்றார்கள். அவர்களில் ஆறு பேர் சிறை சென்றார்கள். இவ்வளவும், அறிவுசார் குறைபாடு உள்ளவர்களைப் பராமரிக்கும் நம் துறையில் பலருக்குத் தெரியும். அடுத்த ஆண்டு மார்கரெட் ஃபிளின் எழுதிய ஆய்வறிக்கையைப் படித்தவர்கள் குறைவு. நாம் திரும்பத் திரும்பப் படிக்க வேண்டியது அதைத்தான்.

2008 தொடக்கத்திலிருந்து அந்த ஒளிபரப்பு வரை, விண்டர்போர்ன் வியூ பற்றி உள்ளாட்சி மன்றத்துக்கு 40 எச்சரிக்கைகள் வந்திருந்தன. காவல் துறைக்கு 29 முறை தகவல் போயிருந்தது. அங்கிருந்தவர்கள் காயங்களோடும் உடல்நலக் கேடுகளோடும் எழுபதுக்கும் மேற்பட்ட முறை அவசர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டு செல்லப்பட்டிருந்தார்கள். 2010ஆம் ஆண்டில் மட்டும் நோயாளிகளைப் பிடித்து அடக்கியதாக 379 பதிவுகளை அந்த மருத்துவமனையே தன் கைப்பட எழுதி வைத்திருந்தது. டெர்ரி பிரையன் என்ற மூத்த செவிலியர் நிர்வாகத்திடம் முறையிட்டார், கண்காணிப்பு ஆணையத்திடமும் சொன்னார். யாரும் அசையவில்லை. அதன் பிறகே அவர் பிபிசியிடம் போனார்.

தகவலுக்கு அங்கே பஞ்சமே இல்லை. காவலர் தன் முன்னால் வந்த ஒரு புகாரைப் பார்த்து முடித்துவைத்தார். மருத்துவர் ஒரு காயத்துக்கு மருந்திட்டு அனுப்பினார். உள்ளாட்சி அலுவலர் ஒரு எச்சரிக்கைக்கு ஒரு கோப்பு திறந்தார். நாற்பதையும் இருபத்தொன்பதையும் எழுபதையும் ஒரே மேசையில் பரப்பி, ‘இந்த ஒரே கட்டடத்திலிருந்து ஏன் இத்தனை?’ என்று கேட்க ஒருவர்கூட இல்லை.

ஆய்வுகளை அதிகப்படுத்தினால் போதும் என்று சொல்பவர்களுக்கு வோர்ல்டன் ஹாலை நினைவூட்ட வேண்டும். டர்ஹாம் மாவட்டத்தில் இருந்த இந்த மருத்துவமனையில் நடந்த கொடுமைகளையும் 2019 மே மாதம் பனோரமாவே வெளிப்படுத்தியது. அதற்கு முந்தைய ஓராண்டில் அதிகாரிகள் ஏறத்தாழ நூறு முறை அங்கே வந்து போயிருந்தார்கள். ஆணையம் அதற்குக் கொடுத்திருந்த தரச் சான்று: ‘நன்று’. 2015இல் ஆய்வாளர் ஒருவர் கவலை தெரிவித்து எழுதிய அறிக்கை வெளியிடப்படாமலேயே கிடந்தது.

வன்முறை ஒரு பக்கம். ஆனால் பராமரிப்பு இல்லங்களில் உயிரைப் பறிப்பது பெரும்பாலும் அடி அல்ல. குளியலும் சாப்பாடும் வயிறும் மருந்தும்தான். ஆக்ஸ்ஃபோர்டில் ஸ்லேட் ஹவுஸ் என்ற அரசு மருத்துவப் பிரிவில், 18 வயது கானர் ஸ்பாரோஹாக் 2013 ஜூலை 4 அன்று குளியல் தொட்டியில் மூழ்கி இறந்தார். ஆட்டிசமும் வலிப்பு நோயும் உள்ளவர். சேர்ந்து 107 நாள்தான் ஆகியிருந்தது. அவர் நாக்கைக் கடித்திருப்பதைக் கண்ட தாய் சாரா ரயன், வலிப்பு வந்திருக்கலாம் என்று சில வாரங்களுக்கு முன்பே பணியாளர்களிடம் தெரிவித்திருந்தார். அது வலிப்பு இல்லை என்று அவர்கள் முடிவு செய்துவிட்டார்கள். வலிப்பு உள்ள ஒருவர் தனியாகத் தொட்டியில் குளிக்க விடப்பட்டார். கவனக்குறைவும் இந்த மரணத்துக்குக் காரணம் என்று 2015இல் விசாரணை நடுவர்கள் தீர்ப்பளித்தார்கள். அந்தக் குடும்பம் விடாமல் போராடியதால், அந்தப் பிரிவை நடத்திய சதர்ன் ஹெல்த் நிறுவனத்தின் நான்காண்டு மரணங்கள் அலசப்பட்டன. அறிவுசார் குறைபாடு உள்ளவர்களின் மரணங்களில் நூற்றுக்கு ஒன்றுகூட முறையாக விசாரிக்கப்படவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. இவர்கள் இறப்பது இயல்பு என்று எல்லோருமே எடுத்துக்கொண்டிருந்தார்கள். இதைவிடப் பெரிய ஆபத்து எந்த இல்லத்திலும் இருக்க முடியாது.

இனி நம் ஊருக்கு வருவோம். நம் இல்லங்களில் வழக்கமாக எழுதப்படும் குறிப்பு ஒன்றை எடுத்துக்கொள்வோம். ‘இரவு 2 மணி. கத்தினார். தலையைச் சுவரில் மோதினார். இருவர் பிடித்து அடக்கினோம். எஸ்ஓஎஸ் மாத்திரை கொடுக்கப்பட்டது. தூங்கினார்.’ எழுதியவர் பொய் சொல்லவில்லை. ஆனால் கழிப்பறைக் குறிப்பேட்டைப் புரட்டினால் அதே ஆளுக்கு நான்கு நாளாகக் கட்டம் காலியாக இருக்கும். சமையலறை ஆயாவைக் கேட்டால், ‘ரெண்டு நாளா ராத்திரி தட்டைத் தள்ளிட்டார்’ என்பார். மருந்துச் சீட்டில் மனநோய் மருந்தோடு, அதன் பக்கவிளைவுக்காக ட்ரைஹெக்சிஃபெனிடிலும் இருக்கும். இரண்டுமே மலச்சிக்கலைக் கூட்டக்கூடியவை. பேச்சு வராத ஒருவர் வயிற்று வலியை வேறு எப்படிச் சொல்வார்? நாம் அதை ‘நடத்தைப் பிரச்சினை’ என்று எழுதி, மலச்சிக்கலை மேலும் கூட்டும் மருந்தையே கொடுத்துத் தூங்க வைக்கிறோம். இறுகிய மலத்தைச் சுற்றி நீராகக் கசிவதை வயிற்றுப்போக்கு என்று நினைத்து, அதை நிறுத்த மாத்திரை கொடுப்பதும் நடக்கிறது. குடல் அடைத்துக்கொண்டால் உயிரே போகும். இங்கிலாந்தில் அறிவுசார் குறைபாடு உள்ளவர்களின் மரணங்களை ஆராய்ந்தவர்கள் மலச்சிக்கலைத் தனித் தலைப்பாகவே எடுத்துப் பேச வேண்டி வந்தது.

புரை ஏறுவதும் இப்படித்தான். மாதம் ஒருமுறை சளி, காய்ச்சல் என்று ஒருவர் மருத்துவமனைக்குப் போய்வருகிறார். அந்தத் தேதிகளோடு, அவருக்குச் சாப்பாடு ஊட்டுவது யார், படுத்த நிலையிலா நிமிர்த்தி உட்காரவைத்தா, எத்தனை நிமிடத்தில் என்பதையும் வைத்துப் பார்த்தால், சோறு நுரையீரலுக்குள் இறங்குவது புரியும். இருமாமலேயே உள்ளே இறங்கிவிடுவதும் உண்டு. இருபது பேருக்கு இரண்டு பேர் ஊட்டும் இடத்தில் அவசரம் தவிர்க்க முடியாதது. அந்தப் பராமரிப்பாளர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. இரவு முழுக்க ஒற்றை ஆளாக விழித்திருந்துவிட்டு, காலையில் குளிப்பாட்டி, துணி துவைத்து, தினக்கூலிக்கும் குறைவான சம்பளம் வாங்குபவர்கள் அவர்கள். இரவுப் பணிக்கு இரண்டாவது ஆளைப் போடாத நிர்வாகம் பாதுகாப்பைப் பற்றிப் பேசத் தகுதியற்றது.

மருந்தைப் பற்றி ஒரு வார்த்தை. இங்கிலாந்தில் அறிவுசார் குறைபாடு உள்ள 30,000 முதல் 35,000 பெரியவர்கள், உரிய நோய்க் காரணம் இல்லாமல் ஒவ்வொரு நாளும் மனநல மருந்துகள் உட்கொள்வதாக 2015இல் அந்நாட்டுப் பொதுச் சுகாதார அமைப்பு மதிப்பிட்டது. மருந்து எழுதுவதையும் மறுபரிசீலனையையும் கணக்கில் வைக்கும் நாட்டிலேயே இந்த நிலை. ஐந்தாண்டுக்கு முன் எழுதிய சீட்டையே கடையில் நீட்டி வாங்கிவரும் நம் இல்லங்களில் எப்படி இருக்கும் என்பதை வாசகர்களே அறிவார்கள்.

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இல்லங்களைப் பதிவு செய்யச் சொல்கிறது. அது அவசியம். ஆனால் பதிவு மட்டும் காப்பாற்றாது. டெல்லி அரசே நடத்தும் ஆஷா கிரண் இல்லத்தில் 2024 ஜூலை மாதம் மட்டும் 14 பேர் இறந்தார்கள். இடம் கொள்ளாத கூட்டம் அங்கே. குடிநீரைச் சோதிக்கும்படி உயர் நீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்தது.

பெற்றோர்கள் பேசுவார்கள் என்றும் நம்பியிருக்க முடியாது. கேள்வி கேட்டால் ‘அப்ப வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க’ என்ற பதில் வருமோ என்று பயப்படுகிறார்கள். எழுபது வயதில், கணவரை இழந்த ஒரு தாய் நாற்பது வயது மகனை எங்கே கூட்டிப்போவார்? மகன் தொடையில் கன்றிய தழும்பைப் பார்த்தும் வாய் திறக்காமல், வாங்கிவந்த பிஸ்கட் பாக்கெட்டைப் பிரித்துக்கொண்டிருப்பார். அந்தத் தாய் தயங்காமல் கேட்கும்படி இல்லத்தை நடத்துவது நிர்வாகியின் வேலை. புகார் சொன்னதற்காக யாரையும் வெளியேற்ற மாட்டோம் என்று சேர்க்கைப் படிவத்திலேயே எழுதிக் கையெழுத்திட்டுத் தர வேண்டும்.

புதிய குறிப்பேடுகள் வேண்டாம். இருப்பவையே அதிகம். வாரம் ஒரு நாள் அரை மணி நேரம் ஒதுக்கி, ஒரே ஒரு ஆளை எடுத்துக்கொண்டு, அவருடைய வலிப்புக் குறிப்பு, கழிப்பறைக் குறிப்பு, எடை, சாப்பாடு, மருந்து, காயம், பிடித்து அடக்கியது எல்லாவற்றையும் ஒன்றாக வைத்துப் படிக்கலாம். ஆயாவும் இரவுப் பணியாளரும் அந்த மேசையில் உட்கார வேண்டும், பேச வேண்டும். வலிப்பு உள்ளவர் குளிக்கும்போது, வாளித் தண்ணீர்தானே என்று விட்டுவிடாமல், கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில் யார் நிற்பது என்பதைப் பெயர் போட்டு எழுத வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை பக்கத்து இல்லத்துச் சிறப்பாசிரியர் ஒருவரை அழைத்து உட்காரவைக்கலாம். பழகிய கண்ணுக்குத் தெரியாதது அவருக்குத் தெரியும். அவருடைய இல்லத்துக்கு நாமும் போகலாம்.

மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலர்களிடமும் கேட்க ஒன்று இருக்கிறது. பதிவைப் புதுப்பிக்க ஆய்வுக்கு வரும்போது, தீயணைப்புச் சான்றையும் கட்டடச் சான்றையும் பார்த்துவிட்டுக் கிளம்பிவிடாதீர்கள். கடந்த மூன்று மாதத்தில் அதிக முறை பிடித்து அடக்கப்பட்டவர் யார் என்று கேளுங்கள். அவருடைய எல்லாக் குறிப்பேடுகளையும் ஒன்றாகக் கொண்டுவரச் சொல்லுங்கள். பிறகு அவரைப் போய்ப் பாருங்கள். சொல்லாமல் வாருங்கள், முடிந்தால் இரவுச் சாப்பாட்டு நேரத்தில்.