அங்கத்துவமும் கடப்பாடும்

1948இல் அம்ஸ்டர்டாமில் உலகத் திருச்சபைகள் மன்றம் உதயமானது. அதே ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் மலையகத் தோட்டத் தொழிலாளரில் பெரும்பாலானோரை நாடற்றோராக்கியது.

இம்மன்றத்தில் புதிதாக இணையும் திருச்சபை சுயாதீனமாக இயங்கவேண்டும். இயேசுவைக் கடவுளாகவும் இரட்சகராகவும் அறிக்கையிடவேண்டும். சாதாரணமாக 50,000 உறுப்பினரைக் கொண்டிருக்கவேண்டும். இணைந்த பின்னரும் அதன் நிர்வாகமும் தனித்துவமும் அதனிடமே இருக்கும். கத்தோலிக்கத் திருச்சபை இதில் அங்கத்துவம் பெறவில்லை.

ஹட்டன், நுவரெலியா பகுதிகளின் மெதடிஸ்த, அங்கிலிக்கன் சபைகள் தனித்து இணைய இயலாது. தாய்த் திருச்சபைகள் ஊடாகவே இடம்பெறுகின்றன. எனவே, லயன் அறைகளில் வாழ்வோரின் குரல் ஜெனீவாவிலுள்ள மன்றத் தலைமையகத்தை எட்டுவது அத்திருச்சபைத் தலைமைகளின் அக்கறையிலேயே தங்கியுள்ளது. மதபேதமின்றி அம்மக்கள் அனைவரதும் காணி, வீட்டு உரிமைகளுக்காக அங்கு குரலெழுப்புவதே அங்கத்துவத்தை அர்த்தமுள்ளதாக்கும் என்பது நமது கருத்தாகும்.