குடிப்பவர் காணாமல் போனால் 'ரெண்டு நாள் பாருங்க' என்பது பதிலல்ல
எங்கள் நிலைப்பாடு

காவல் நிலைய மேசை முன்னால் ஒரு தாய். கையில் மகனின் ஆதார் நகலும், யாருடைய கல்யாணத்திலோ எடுத்த படமும். வயது, உயரம், கடைசியாகப் போட்டிருந்த சட்டையின் நிறம் எல்லாம் எழுதியாயிற்று. "குடிப்பாரா?" என்று கேட்கிறார்கள். "ஆமாங்கய்யா" என்றதும் பேனா நின்றுவிடுகிறது. "தெளிஞ்சதும் வந்துடுவான். ரெண்டு நாள் பாத்துட்டு வாம்மா."

குடிநோயாளர் குடும்பங்களோடு பணியாற்றும் நாங்கள் இந்தப் பதிலை ஏற்கவில்லை. குடிப்பழக்கத்தைக் காட்டித் தேடலைத் தள்ளிப்போடக் கூடாது. அதற்காகவே தேடலை உடனே தொடங்க வேண்டும்.

நாள்தோறும் அதிகமாகக் குடித்தவருக்கு, கையில் காசில்லாமல் குடி திடீரென நின்றால், 6 முதல் 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம். 2 முதல் 4 நாட்களுக்குள் சிலருக்குக் கடும் மனக்குழப்பம் வரும். உடம்பில் பூச்சி ஊர்வதாகத் தட்டிக்கொண்டே இருப்பார்கள். யாரோ துரத்துவதாக ஓடுவார்கள். ஊர், பெயர் சொல்லத் தெரியாது. சிகிச்சை கிடைக்காவிட்டால் உயிரே போகலாம். காத்திருக்கச் சொல்லும் அந்த ரெண்டு நாளில்தான் ஆபத்து தொடங்குகிறது.

24 மணி நேரம் கழித்துத்தான் புகார் கொடுக்கலாம் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், மது, போதைப்பொருள் தொடர்பான மனநிலைப் பாதிப்புகளையும் மனநோய் என்ற வரையறைக்குள் சேர்த்திருக்கிறது. அப்படிப் பாதிக்கப்பட்டுத் தெருவில் அலைபவரைக் காவல்துறை லாக்கப்பில் அடைக்காமல், 24 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும், குடும்பத்தைத் தேடித் தகவல் சொல்ல வேண்டும் என்கிறது அதன் 100ஆவது பிரிவு.

எங்கள் கோரிக்கைகள்:

1. புகார் வந்த அன்றே வழக்குப் பதிந்து நகல் தர வேண்டும். புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான வெறும் சி.எஸ்.ஆர். ரசீதோடு அனுப்பக் கூடாது. குடியைப் பற்றிக் கேட்கட்டும். முன்பு வலிப்பு வந்ததா, என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்பதையும் சேர்த்துக் கேட்கட்டும்.

2. 'பெயர் தெரியாதவர்' என்று மருத்துவமனையில் சேர்க்கப்படுவோரின் அடையாளங்கள் அன்றன்றே மாவட்டக் காவல் கட்டுப்பாட்டு அறைக்குப் போக வேண்டும். வார்டு வார்டாக, பிணவறை பிணவறையாக வீட்டார் அலையும் நிலை மாற வேண்டும்.

3. தேடப்படுபவர் உள்ளே இருக்கிறாரா என்று காவல்துறை கேட்டால் போதை மறுவாழ்வு மையங்கள் மறைக்கக் கூடாது.

தேடிக் கண்டுபிடிக்கப்பட்டவர் வயது வந்தவர் என்றால், 'வீட்டுக்கு வரவில்லை' என்று சொல்லவும் அவருக்கு உரிமை உண்டு. உயிரோடு இருக்கிறார் என்ற தகவலைக் குடும்பத்துக்குச் சொல்லியாக வேண்டும். முகவரியை அவர் சம்மதித்தால் மட்டுமே தர வேண்டும். இதை ஏற்க முடியாத பெற்றோர் எங்களுக்குள்ளும் உண்டு. ஆனால் அடித்து இழுத்துவந்து பூட்டிவைத்தவர், அடுத்த முறை இன்னும் தொலைவாகப் போய்விடுகிறார்.

குடும்பத்தாருக்கு: அவமானம் என்று நினைத்துக் குடியை மறைக்காதீர்கள். வாட்ஸ்அப்பில் பகிரும் படத்தில் உங்கள் எண்ணுக்குப் பதில் காவல் நிலைய எண்ணைப் போடுங்கள். 'உங்க ஆளு இங்கதான் இருக்கார், பணம் அனுப்புங்க' என்று ஏமாற்றுபவர்களுக்கு உங்கள் பதற்றம்தான் முதலீடு. மனம் தாங்காதபோது டெலி மனாஸ் மனநல உதவி எண் 14416ஐ அழையுங்கள். போதை மீட்பு ஆலோசனைக்கு 14446.

இதற்கெல்லாம் புதுச் சட்டம் வேண்டியதில்லை, ஒரு சுற்றறிக்கை போதும். அதை வெளியிடுமாறு தமிழ்நாடு காவல்துறையையும் மக்கள் நல்வாழ்வுத் துறையையும் கேட்டுக்கொள்கிறோம்.